பேசாத 18 பேரும் படிக்கட்டுல கேட்ட இங்கிலீஷும்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இது 2004-ல சிங்கப்பூர்ல நடந்தது. 90-கள்லேர்ந்தே சிங்கப்பூர் அரசாங்கம் சீனாவுல நல்லா படிக்கிற பிள்ளைகளை ஸ்காலர்ஷிப் குடுத்து கூட்டிட்டு வந்துச்சு, படிப்பு முடிஞ்சதும் ஆறு வருஷம் சிங்கப்பூர் கம்பெனில வேலை பாக்கணும்னு பாண்ட் போட்டுக்குவாங்க. வந்த உடனே யுனிவர்சிட்டி பாடத்துக்குள்ள விட்டுட மாட்டாங்க, மொதல்ல சில மாசம் இங்கிலீஷ் மட்டும் தனியா ஒரு பிரிட்ஜிங் கோர்ஸ். அப்படி ஒரு கோர்ஸ்ல ஒரு க்ரூப்புக்கு நான் டீச்சர். ஜனவரில ஆரம்பிச்சு ஜூன்ல முடியணும், ஜூலைல அவங்க இஞ்சினியரிங், சயின்ஸ் லெக்சருக்குப் போய் உக்காரணும்.

18 பேரு. எல்லாருக்கும் 18, 19 வயசு. பாதிப்பேரு பெரிய ஊர்க்காரங்க, மீதிப்பேரு உள்ளடங்கின சின்ன ஊருங்க. சீனாவோட காலேஜ் நுழைவுத் தேர்வுல, அதான் காவ்காவ்ல, இங்கிலீஷ் பேப்பர் 150 மார்க், இவங்கள்ல நெறைய பேரு 130-க்கு மேல எடுத்தவங்க. பேரு, பள்ளிக்கூடம் எதையும் நான் இங்க சொல்லப் போறதில்ல, ரெண்டு மூணு பேரை மட்டும் வந்த ஊரை வச்சு குறிப்பிடுறேன்.

எனக்கு அப்ப ஒம்பது வருஷ அனுபவம், ஆனா சீனாலேர்ந்து நேரா வந்த பிள்ளைகளுக்கு பாடம் எடுக்கறது அதான் மொதல் தடவை. இதை ஏன் எழுதுறேன்னா, இதே மாதிரி வகுப்பு இப்பவும் பல ஊர்ல நடக்குது, நான் தொலைச்ச ஏழு வாரத்தை இன்னொருத்தர் தொலைக்க வேணாம்.

மொதல் மூணு வாரம் பாத்தது

மொத நாள் ஒரு டெஸ்ட் வச்சோம். ரீடிங்ல பிரமாதம், சில பத்தியில நானே யோசிச்சுதான் விடை சொல்லுவேன், அவங்க டிக் பண்ணிட்டு போயிட்டாங்க. இலக்கணமும் அப்படித்தான். எழுதச் சொன்னா எல்லாரும் கரெக்டா 120 வார்த்தைல நிப்பாட்டினாங்க, ஏன்னா அப்ப தேர்வுல கேட்டது ஏறக்குறைய அவ்ளோதான், அதுக்கு மேல எழுதி அவங்களுக்குப் பழக்கமே இல்ல.

பேச்சுதான் இல்ல. கேள்வி கேட்டா 18 பேரும் குனிஞ்சுக்குவாங்க. பேரு சொல்லி கூப்பிட்டா சட்டுன்னு எந்திரிச்சு நிப்பாங்க, நிக்க வேணாம்னு சொன்னாலும் நிப்பாங்க, அப்பறம் நீளமா ஒரு மௌனம். "ஹவ் ஆர் யூ"ன்னு கேட்டா மட்டும் 18 பேர்கிட்டேர்ந்தும் ஒரே பதில், ஒரே ராகம்: "ஃபைன், தேங்க் யூ, அண்ட் யூ?" ஒருநாள் காய்ச்சலோட வந்த பொண்ணுகூட அதையேதான் சொல்லுச்சு.

ஆணை "ஷி"ம்பாங்க, பொண்ணை "ஹி"ம்பாங்க, ஒரே வாக்கியத்துல ரெண்டும் வரும். சீனப் பேச்சுல ரெண்டுக்கும் "தா"ன்னு ஒரே சத்தம், எழுத்துல மட்டும்தான் வித்தியாசம், அதனால எழுதுறப்ப இந்தத் தப்பு வரவே வராது. நேத்து நடந்ததையும் நாளைக்கு நடக்கப் போறதையும் ஒரே வினைச்சொல்லால சொல்லுவாங்க. இதெல்லாம் நான் எதிர்பாத்ததுதான்.

எதிர்பாக்காதது வகுப்புக்கு வெளில இருந்துச்சு. கேன்டீன்ல கடைக்காரம்மா மாண்டரின், அதான் பொதுச் சீன மொழி, பேசுவாங்க, பஸ் டிரைவர், ஹாஸ்டல் ஆபீஸ், மருந்துக்கடை எல்லாமே மாண்டரின்ல ஓடிரும். இங்கிலீஷ் படிக்க வேற நாட்டுக்கு வந்திருக்காங்க, ஆனா இங்கிலீஷ் பேசியே ஆகணும்ங்கற நெலமை ஒருநாள்ல பத்து நிமிஷம்கூட அவங்களுக்கு வரல. அந்தப் பத்து நிமிஷமும் என் வகுப்புதான், அங்கயும் மௌனம்.

நான் எடுத்த மொதல் முடிவு

நான் பயிற்சி எடுத்ததெல்லாம் கம்யூனிகேடிவ் முறைல. பேசிப் பேசித்தான் மொழி வரும், மனப்பாடம் மொழியைக் கொல்லும், இதுதான் எங்களுக்குச் சொல்லிக் குடுத்தது, நானும் முழு மனசா நம்பினேன். அதனால ரெண்டாவது வாரத்துலேர்ந்து எல்லாத்தையும் தலைகீழா மாத்தினேன். பெஞ்சை வட்டமா போட்டேன், பாடப்புத்தகத்தை மூடி வைக்கச் சொன்னேன், ஜோடி ஜோடியா பேசுற விளையாட்டு, நடிக்கிற விளையாட்டு, பலூன்ல அஞ்சு பேர் போறாங்க யாரைத் தள்ளி விடுவீங்கன்னு விவாதம். வார்த்தை லிஸ்ட் யாரு கைல இருந்தாலும் உள்ள வைக்கச் சொல்லிட்டேன். அந்த லிஸ்ட் புத்தகங்கள் பலதுல மொத வார்த்தை "அபாண்டன்", கைவிடறதுன்னு அர்த்தம், பல பேரு திரும்பத் திரும்ப மொத பக்கத்துலேர்ந்து ஆரம்பிச்சதால அந்த ஒரு பக்கம் மட்டும் அழுக்கேறி கருப்பா இருக்கும்.

நாலாவது வாரம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் மூணு பேரு என் ரூமுக்கு வந்தாங்க. நடுவுல நின்னது க்ளாஸ் மானிட்டர், ஹூனான் மாகாணத்துப் பையன். அவங்க ஊர்ல மானிட்டர்னா வகுப்புக்கும் வாத்தியாருக்கும் நடுவுல தூது போறவன், வகுப்போட மனக்குறையைச் சொல்லவேண்டிய கடமை அவனுக்கு உண்டு. கைல ஒரு காகிதம், 18 பேரும் கையெழுத்து போட்டிருந்தாங்க. ரொம்ப மரியாதையா எழுதின லெட்டர். டீச்சர் எங்களுக்காக உழைக்கிறது தெரியுது, நன்றி, ஆனா எங்களுக்கு நேரம் கம்மி, விளையாட்டைக் குறைச்சுட்டு பாடம் நடத்த முடியுமா, இதான் சாரம்.

எனக்கு மனசு ரொம்ப கஷ்டமாச்சு. அந்த லெட்டர் இங்கிலீஷ்ல ஒரு தப்புகூட இல்லாம இருந்ததை அன்னிக்கு நான் கவனிக்கவே இல்ல. வீட்டுக்குப் போய் மறுபடி படிச்சப்பதான் தெரிஞ்சுது, மூணு வாரமா என் விளையாட்டுல வராத இங்கிலீஷ் இதுல முழுசா இருக்கு, ஏன்னா இது அவங்களுக்கு உண்மையிலேயே சொல்லவேண்டிய விஷயம்.

படிக்கட்டு

அடுத்த வாரம் எங்க கட்டடத்துல கூட்டிப் பெருக்குற அக்கா என்னை நிறுத்தினாங்க, தமிழ்க்காரங்கதான். "டீச்சரம்மா, ஒங்க பிள்ளைங்க விடியக்காலைல மூணாவது மாடி படிக்கட்டுல நின்னுக்கிட்டு மந்திரம் ஓதுற மாதிரி ஓதுதுங்க, நாங்க வாளியை தூக்கிட்டு போனாலும் திரும்பிப் பாக்கறதில்ல. என்ன படிப்பு அது?"ன்னு கேட்டாங்க.

மறுநாள் ஆறே முக்காலுக்கு நானே போய் ரெண்டாவது மாடில நின்னேன். மேலேர்ந்து சத்தம் வருது. ஏழெட்டு குரலு, ஒவ்வொண்ணும் வேற வேற பாடம், எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து படிக்கட்டு பூரா எதிரொலிக்குது. நான் எட்டிப் பாத்தேன். மானிட்டர் பையன் சுவத்தைப் பாத்து நின்னுக்கிட்டு, புத்தகத்தை முதுகுக்குப் பின்னாடி ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு, கண்ணை மூடி, 1967-ல இங்கிலாந்துல வந்த ஒரு நாலு பாகப் பாடநூல்லேர்ந்து ஒரு முழுப் பாடத்தைச் சொல்லிட்டு இருந்தான். அந்தப் புத்தகத்தை வச்சுத்தான் சீனாவுல ரெண்டு தலைமுறை இங்கிலீஷ் கத்துக்கிச்சு. அவன் குரல்ல ஏத்த எறக்கம் இருந்துச்சு, நிறுத்த வேண்டிய எடத்துல நிறுத்தினான், "ஹி"யும் "ஷி"யும் ஒருதடவைகூட மாறல, இறந்தகாலம் ஒவ்வொண்ணும் சரியா விழுந்துச்சு. என் வகுப்புல நாலு வார்த்தை கோத்துச் சொல்ல முடியாத அதே பையன்.

எனக்கு எங்க தாத்தா ஞாபகம் வந்துச்சு. திண்ணைப் பள்ளிக்கூடத்துல படிச்சவரு, எண்சுவடியும் ஆத்திசூடியும் எம்பது வயசுலயும் தடங்காம வரும், அர்த்தம் பின்னாடி தானா வந்து உக்காந்துக்கும்பாரு. வீட்ல அதைக் கேட்டு வளந்தவதான் நான், ஆனா பயிற்சிக் கல்லூரில சொன்ன ஒரு வரியை நம்பி மனப்பாடத்தை வகுப்புலேர்ந்து விரட்டிட்டேன்.

முடிவை மாத்தினது, ஏன் மாத்தினேன்

எங்க டிபார்ட்மென்ட்ல ஒரு மூத்த வாத்தியார் இருந்தாரு, சிங்கப்பூர்ச் சீனர், சீன மீடியத்துல படிச்சு வந்தவரு. சிங்கப்பூர்ல நான்யாங் யுனிவர்சிட்டின்னு சீன மொழில நடந்த யுனிவர்சிட்டி 1975-ல இங்கிலீஷுக்கு மாறுச்சு, 1980-ல இன்னொரு யுனிவர்சிட்டியோட சேத்துட்டாங்க. அந்த மாத்தத்துல மாட்டின தலைமுறை அவரு. லெட்டரை அவர்கிட்ட காமிச்சேன். படிச்சுட்டு ரெண்டு விஷயம் சொன்னாரு.

ஒண்ணு, மௌனத்தைப் பத்தி. "அவங்களுக்கு தெரியலைன்னு நெனைக்காதீங்க. தப்பா ஒரு வாக்கியம் சொன்னா மத்த 17 பேரோட நேரத்தைத் திங்கறோம்னு நெனைப்பாங்க. நானும் அப்படித்தான் உக்காந்திருந்தேன்."

இன்னொண்ணு, மனப்பாடத்துக்கு சீனத்துல உள்ள வார்த்தையைப் பத்தி. பெய் ஷூம்பாங்க, பெய்ன்னா முதுகு, ஷூன்னா புத்தகம். பழைய பள்ளிக்கூடத்துல பையன் வாத்தியாருக்கு முதுகைக் காட்டி நின்னு பாடத்தை ஒப்பிப்பான், புத்தகம் வாத்தியார் முன்னாடி இருக்கும். படிக்கட்டுல அந்தப் பையன் புத்தகத்தை முதுகுக்குப் பின்னாடி வச்சிருந்தது சும்மா ஒரு பழக்கமா இருக்கலாம், ஆனா எனக்கு அந்த வார்த்தையே உருவமா நின்ன மாதிரி இருந்துச்சு.

அப்ப எடுத்த முடிவு இது. அவங்க மூளைல ஏற்கனவே ஆயிரக்கணக்கான நல்ல வாக்கியம் முழுசா இருக்கு, ஆனா பூட்டி இருக்கு. அதைத் தூக்கிப் போட்டுட்டு பூஜ்யத்துலேர்ந்து பேச வைக்கறது வீண். இருக்கறதைத் தொறக்கணும். அதுக்கு ரெண்டு வேலை: மனப்பாடப் பாடத்தை வகுப்புக்குள்ள கொண்டுவந்து அசைச்சுப் பாக்கறது, அப்பறம் அந்த லெட்டர் மாதிரி உண்மையிலேயே சொல்லவேண்டிய விஷயத்தைக் குடுக்கறது.

மொத வேலை இப்படி நடந்துச்சு. காலைல பத்து நிமிஷம் யாராவது ஒருத்தர் தனக்குப் பிடிச்ச பாடத்தை மனப்பாடமா சொல்லணும். முடிஞ்சதும் நான் ஒண்ணே ஒண்ணு மாத்தச் சொல்லுவேன். கதைல வர்ற ஆளு ஆம்பளைன்னா பொம்பளையா மாத்து, நேத்து நடந்ததை தினமும் நடக்கறதா மாத்து, அதையே உங்க அம்மாவுக்கு நடந்ததா சொல்லு. மொத வாரம் திணறினாங்க. மூணாவது வாரம் "ஹி", "ஷி" தடுமாத்தம் பேச்சுல பாதியா கொறைஞ்சுது. இது பாடம்னு அவங்களுக்கு தெரிஞ்சுது, அதனால யாரும் கூச்சப்படல.

வீட்டுக்கு ஒரு போன்

ஏழாவது வாரம் ஒரு வேலை குடுத்தேன். போன் கார்டு வாங்கி வீட்டுக்குப் பேசுங்க, உங்க அப்பா அம்மா, தாத்தா பாட்டி வெளிநாட்டு மொழி எப்படிப் படிச்சாங்கன்னு கேளுங்க, வார்த்தைக் கணக்கு கெடையாது, எவ்ளோ வேணாலும் எழுதுங்க, அப்பறம் வந்து சொல்லுங்க. பத்து நாள் டைம்.

வந்ததைப் பாத்து நான் அசந்து போயிட்டேன். 120 வார்த்தைல நின்னவங்க ஆறு பக்கம், எட்டு பக்கம் எழுதிட்டு வந்தாங்க.

ஷாங்காய் பக்கத்துல இருக்கற நிங்போ ஊர்ப் பொண்ணு ஒரு பாட்டு கொண்டு வந்துச்சு, அவ பாட்டியோட அப்பா ஷாங்காய்ல கடைச் சிப்பந்தியா இருந்தப்ப கத்துக்கிட்டது. இங்கிலீஷ் சத்தத்தை சீன எழுத்துல போட்டு நிங்போ ராகத்துல பாடுறது. "வா"ங்கறதுக்கு "காங்-மு", "போ"ங்கறதுக்கு "கு", இருவத்தி நாலு காசுக்கு "துன்-தெ-ஃபு". அதாவது கம், கோ, ட்வென்ட்டி ஃபோர். நம்ம ஊர்ல இங்கிலீஷைத் தமிழ் எழுத்துல போட்டு விக்கற புத்தகம் மாதிரியேதான். அதுக்கும் முன்னாடி, 1757-லேர்ந்து 1842 வரைக்கும் ஐரோப்பியர் வியாபாரமெல்லாம் தென் சீனாவோட கான்டன் துறைமுகத்துக்குள்ளேயே அடங்கி இருந்த காலத்துல, இப்படிச் சின்னச் சின்னப் புத்தகத்தை வச்சுத்தான் கடைக்காரங்க பேசிப் பொழைச்சாங்க. அங்க பேச்சு மட்டும்தான் இருந்துச்சு, இலக்கணம் கெடையாது.

ஒரு பெய்ஜிங் பையன் லைப்ரரிக்குப் போய்ப் படிச்சிட்டு வந்து, இலக்கணமும் மொழிபெயர்ப்பும் எப்ப உள்ள வந்துச்சுன்னு சொன்னான். ரெண்டாவது அபினிப் போர் சமயத்துல, 1858-ல, பிரிட்டனோட போட்ட தியான்ஜின் ஒப்பந்தத்துல, அர்த்தத்துல தகராறு வந்தா இங்கிலீஷ் வாசகம்தான் செல்லும்னு ஒரு ஷரத்து. தன்னைக் கட்டுப்படுத்துற காயிதத்தையே படிக்கத் தெரியாத நெலமை. அதனால 1862-ல, அப்ப சீனாவை ஆண்ட சிங் வம்ச அரசாங்கம் பெய்ஜிங்ல தோங்வென் குவான்னு ஒரு மொழிப் பள்ளிக்கூடம் தொறந்துச்சு, மொத வகுப்புல பத்தே பசங்க, வாத்தியார் ஒரு பிரிட்டிஷ் பாதிரியார், வகுப்புல மதம் பேசக்கூடாதுன்னு கண்டிஷன். அங்க வேணுங்கறது அரட்டை கெடையாது, ஒரு வார்த்தைகூட ஏமாறாம படிக்கணும், மொழிபெயர்க்கணும். வரி வரியா படிச்சு வார்த்தை வார்த்தையா பிரிக்கிற அந்த வழக்கம் ஏன் அவ்ளோ ஆழமா வேர் விட்டுச்சுன்னு எனக்கு அன்னிக்குத்தான் புரிஞ்சுது.

நானும் என் பங்குக்கு தேடினேன். 1897-ல ஷாங்காய்ல கமர்ஷியல் பிரஸ்னு ஒரு அச்சகம் ஆரம்பிச்சாங்க, பின்னாடி சீனாவோட பெரிய பதிப்பகமா ஆச்சு. அவங்களுக்கு மொத மொத நல்லா வித்தது 1898-ல போட்ட ஒரு இங்கிலீஷ் ஆரம்பப் பாடநூல், அது எங்கேர்ந்து வந்துச்சுன்னா, பிரிட்டிஷ் இந்தியாவுல பள்ளிப் பிள்ளைகளுக்காக அச்சடிச்ச ரீடருக்கு சீனத்துல விளக்கம் சேத்தது. இதை வகுப்புல சொன்னதும் 18 பேரும் நிமிர்ந்து என்னைப் பாத்தாங்க. உங்க முப்பாட்டனும் என் முப்பாட்டனும் ஒரே புத்தகத்தைப் படிச்சிருக்கலாம்னு சொன்னேன். அந்த வகுப்புல அன்னிக்குத்தான் மொதல் தடவையா யாரும் கேக்காம ஒருத்தர் கை தூக்கி கேள்வி கேட்டாங்க.

ஹூனான் பையனோடது மூணு தலைமுறைக் கதை. தாத்தா இஞ்சினியர், 50-கள்ல ரஷ்ய மொழி படிச்சவரு. அப்ப சோவியத்தோட நட்பு, நாடு பூரா ரஷ்யம்தான், இங்கிலீஷ் வாத்தியாருங்கள்ல பல பேரு ரஷ்யம் கத்துக்கிட்டு அதைச் சொல்லித் தர வேண்டி வந்துச்சு. 60-கள்ல நட்பு முறிஞ்சப்ப மறுபடி இங்கிலீஷுக்குத் திரும்பினாங்க, 1964-ல இங்கிலீஷ்தான் மொதல் வெளிநாட்டு மொழின்னு திட்டம் போட்டாங்க, ரெண்டே வருஷத்துல மாவோவோட கலாச்சாரப் புரட்சி வந்து படிப்பு, நுழைவுத் தேர்வு எல்லாம் நின்னு போச்சு. அப்பா 70-கள்ல பள்ளிக்கூடத்துல படிச்ச இங்கிலீஷ், தலைவர் மாவோ வாழ்கன்னு கோஷம் மட்டும்தான். 1977 டிசம்பர்ல நுழைவுத் தேர்வு திரும்ப வந்தப்ப சுமார் 57 லட்சம் பேரு எழுதினாங்க, எடம் கெடச்சது ரெண்டே முக்கால் லட்சம் பேருக்குக்கூட இல்ல, அப்பா அந்த வருஷம் தோத்துட்டாரு. 1982-ல பிபிசியோட "ஃபாலோ மீ" பாடம் சீன டிவில வர ஆரம்பிச்சப்ப தொழிற்சாலைக் குடியிருப்புல ஒரே ஒரு டிவி, அப்பா கடைசி வரிசைல நின்னு நோட்டுல எழுதுவாராம். மறுவருஷம் 1983-லேர்ந்து நுழைவுத் தேர்வுல இங்கிலீஷ் மார்க்கை முழுசா சேக்க ஆரம்பிச்சுட்டாங்க, 1980-ல அது 30 சதவீதம்தான் கணக்கு. அப்பாவுக்கு அதுக்குள்ள வயசு தாண்டிருச்சு. அந்த நோட்டு இன்னும் வீட்ல இருக்குன்னு போன்ல சொன்னாராம்.

பையன் இதைச் சொல்லிட்டே வந்தான், காகிதத்தைப் பாக்கல. ஏறக்குறைய பன்னெண்டு நிமிஷம். தப்பு இருந்துச்சு, ஆனா நிக்கல. கடைசில அவனே சொன்னான்: "எங்க ஊர்ல எங்க இங்கிலீஷை ஊமை இங்கிலீஷ்னு சொல்லுவாங்க டீச்சர். எங்க அப்பாவுக்கு பேச ஆளே இல்ல, அதான் ஊமை." ஒரு வகுப்புல 50, 60 பேரு, பேச ஆள் கெடையாது, கேசட் கெடச்சாலே பெருசு, தேர்வு முழுக்க காகிதத்துல. அந்த நெலமைல ஒரு மனுஷன் தனியா செய்யக்கூடிய ஒரே நல்ல வழி புத்தகத்தை மனசுக்குள்ள ஏத்திக்கறதுதான், அதை அவங்க முழு உழைப்போட செஞ்சிருக்காங்க. மூணு வாரம் முன்னாடி நான் அந்த உழைப்பைக் கெட்ட பழக்கம்னு நெனைச்சேன்.

அதுக்கப்பறம்

மார்ச்லேர்ந்து வகுப்பு மாறிருச்சு. சனிக்கிழமை நூடுல்ஸ் கடைல மூணு பேர் மூணு பேரா உக்காந்து இங்கிலீஷ்ல மட்டும் பேசறதுன்னு அவங்களே ஒரு ஏற்பாடு பண்ணிக்கிட்டாங்க, அவங்க ஊர்ப் பூங்காக்கள்ல 80-கள்லேர்ந்து நடக்கற இங்கிலீஷ் கார்னர் மாதிரி. எழுத்து நீளமா வர ஆரம்பிச்சதும் திருத்தறதை நான் கொறைச்சேன், ஒரு கட்டுரைல ஒரு வகைத் தப்பை மட்டும் குறிப்பேன். பலூன் விவாதத்தைக்கூட மே மாசம் மறுபடி எடுத்தேன், இந்தத் தடவை மொத நாளே வாக்கியங்களைக் குடுத்து மனப்பாடம் பண்ணிட்டு வரச் சொல்லிட்டு, மறுநாள் விவாதம். நாப்பது நிமிஷம் போச்சு.

ஜூன் கடைசித் தேர்வுல 17 பேரு பாஸ். பேச்சுல எல்லாரும் பிரமாதம்னு சொல்ல மாட்டேன், நாலஞ்சு பேரு கடைசி வரைக்கும் தயங்கித்தான் பேசினாங்க, ஆனா லெக்சர்ல சந்தேகம் கேக்கற அளவுக்கு எல்லாருக்கும் வந்துச்சு. மானிட்டர் பையன் அடுத்த வருஷம் புதுசா வந்தவங்களுக்கு உதவ என்கிட்ட வந்து நின்னான்.

தவறினது

பாஸ் ஆகாத ஒருத்தி வடகிழக்குச் சீனாவுல ஹெய்லோங்ஜியாங் மாகாணத்துப் பொண்ணு. இந்த ஆய்வுல நான் ரொம்ப யோசிச்சது அவளைப் பத்திதான்.

மொத வாரத்துலேர்ந்தே அவ இங்கிலீஷ் மத்தவங்களோடது மாதிரி இல்ல. "ர" சத்தத்தை உருட்டுவா. "இஸ்", "ஆம்" ரெண்டையும் எல்லா எடத்துலயும் விட்டுருவா. மத்த பிள்ளைகளும் விடுவாங்க, ஆனா ஒரு கணக்கோட விடுவாங்க: அவ ஒசரம்ங்கற மாதிரி குணத்தைச் சொல்றப்ப மட்டும் விட்டுப்போகும், ஏன்னா சீனத்துல அங்க அந்தச் சொல் வராது. நான் மாணவிங்கற மாதிரி வாக்கியத்துல சீனத்துல "ஷி"ன்னு ஒரு சொல் கட்டாயம் நடுவுல வரும், அதனால அந்த எடத்துல யாரும் விடறதில்ல. இவ அங்கயும் விட்டா. நான் கவனக்கொறைவுன்னு நெனைச்சு சிவப்பு மையில வட்டம் போட்டு போட்டுக் குடுத்தேன்.

போன் வேலைக்கு அவ அஞ்சு நாள் தாமதமா ஒண்ணரை பக்கம் குடுத்தா. அதுல கடைசி பத்தில இருந்துச்சு. அவங்க ஊர் ரஷ்ய எல்லைப் பக்கம், அந்தப் பகுதில சில பள்ளிக்கூடத்துல இன்னும் வெளிநாட்டு மொழின்னா ரஷ்யம்தான், நுழைவுத் தேர்வைக்கூட ரஷ்யத்துல எழுதலாம். அவ நடுநிலைப் பள்ளி மூணு வருஷமும் படிச்சது ரஷ்யம். மேல்நிலைக்கு வேற பள்ளிக்கூடம் போனப்பதான் இங்கிலீஷ் ஆரம்பிச்சா, மத்தவங்க ஆறு வருஷத்துல படிச்சதை மூணு வருஷத்துல ராவும் பகலும் மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கி வந்திருக்கா. யார்கிட்டயும் சொல்லல, ஸ்காலர்ஷிப் போயிருமோன்னு பயம்.

ரஷ்யத்துல நான் மாணவிங்கறதுக்கு நடுவுல ஒண்ணும் வராது. தமிழ்லயும் வராது. "நான் மாணவி", அவ்ளோதான். இதை மொத நாளே கண்டுபுடிச்சிருக்க வேண்டிய ஆள் அந்தக் கட்டடத்துலயே நான் ஒருத்திதான், ஏன்னா என் அம்மா இங்கிலீஷ் பேசினா அதே எடத்துல அதே சொல்லைத்தான் விடுவாங்க. சீனப் பிள்ளைன்னா சீனத் தப்புதான் வரும்னு நான் முன்கூட்டியே முடிவு பண்ணிட்டேன், அதனால கண்ணு முன்னாடி இருந்தது தெரியல.

ஒம்பதாவது வாரம் தெரிஞ்சதும் அவளைத் தனியா கூப்பிட்டுப் பேசினேன். ரகசியமா இருக்கும்னு சொல்லி, வாரம் ரெண்டு நாள் தனியா எடுத்தேன், ரஷ்ய வாக்கியத்தையும் இங்கிலீஷ் வாக்கியத்தையும் பக்கத்துல பக்கத்துல எழுதச் சொன்னேன், ரஷ்யத்தை அவதான் எனக்குச் சொல்லித் தந்தா. வேகமாதான் முன்னேறினா. ஆனா நேரம் போதல, ஜூன்ல எழுத்துத் தேர்வுல நாலு மார்க்ல போச்சு. ஸ்காலர்ஷிப் போகல, அது வீண் பயம், ஆனா மொத வருஷப் பாடத்தோட இங்கிலீஷையும் திரும்ப எடுக்க வேண்டியதாச்சு, அந்த டிசம்பர்ல பாஸ் பண்ணா.

இப்ப எடுத்தா என்ன மாத்துவேன்

மனப்பாடத்தை மொத வாரத்துலயே உள்ள கொண்டு வருவேன், ஏழாவது வாரம் குடுத்த போன் வேலையை ரெண்டாவது வாரமே குடுப்பேன். வகுப்புக்கு வெளில இங்கிலீஷ் தேவைப்படற நெலமையை நானே உண்டாக்குவேன், மாண்டரின் தெரியாத பிள்ளைகளோட, மலாய், தமிழ்ப் பிள்ளைகளோட சேத்து ஒரு வேலை, இதை அந்த வருஷம் நான் செய்யவே இல்ல. ஹாஸ்டல்ல யாரை யாரோட ரூம் போடறாங்கன்னு கேட்டு மாத்தியிருக்கலாம், அதையும் கேக்கல.

2005-லேர்ந்து மொத நாள் டெஸ்டுக்கு முன்னாடி ஒரு பக்கத் தாள் குடுக்கறேன், சீனத்துலயே பதில் எழுதலாம், அந்த மூத்த வாத்தியார்தான் எனக்கு மொழிபெயர்த்துத் தருவாரு. என்னென்ன மொழி படிச்ச, எந்த வயசுல, வகுப்புல எத்தனை பேரு, பாடத்தை வாய்விட்டுப் படிச்சீங்களா, எந்தப் புத்தகம். கீழ ஒரு வரி: இதுல எழுதறது எதுவும் ஸ்காலர்ஷிப்பைப் பாதிக்காது. அந்த வரியை எப்படி எழுதினா பிள்ளைங்க நம்புவாங்கன்னு கேட்டு, அந்த ஹெய்லோங்ஜியாங் பொண்ணுதான் எனக்கு சீனத்துல எழுதித் தந்தா. மொத வருஷம் அந்தத் தாள்ல ரெண்டு பேரு ரஷ்யம்னும் ஒருத்தன் ஜப்பானியம்னும் எழுதியிருந்தாங்க.